ஒற்றை வாத்து

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடமாக நான்கு நாட்டு வாத்து வளர்க்கிறேன். ஓர் ஆண், மூன்று பெட்டை. பன்னிரண்டு நாள் முன்பு சந்தையில் ஒரு காக்கி கேம்பல் பெட்டை வாங்கி வந்து, அன்று சாயங்காலமே மற்றவற்றோடு கூண்டில் விட்டேன். அன்றிலிருந்து அதைத் துரத்துகின்றன. தீனித் தட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அண்ட விடுவதில்லை. பின்கழுத்தில் இறகு போய்விட்டது. இதற்குக் காரணம் பொறாமையா, வேறு இனம் என்பதா? தொட்டியைப் பெரிதாக்கினால் சரியாகுமா? எத்தனை நாளில் சேர்ந்துகொள்ளும்?

வி.

அன்புள்ள வி.,

வாத்து வளர்ப்பு பற்றிய கேள்விகளைப் பெரும்பாலும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கே அனுப்பிவிடுவேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் பேருந்து நிலையத்தில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். ஏழு வயது இருக்கும். மடியில் பிளாஸ்டிக் கூடை, உள்ளே ஒரே ஒரு வாத்துக்குஞ்சு. விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "பசிக்குதுப்பா அதுக்கு" என்றாள். அப்பா பொரி வாங்கிப் போட்டார். குஞ்சு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூடையின் ஒவ்வொரு ஓட்டையிலும் அலகை விட்டு விட்டுக் கூப்பிட்டது. கூடப் பிறந்தவற்றைத் தேடும் சத்தம் அது. பேருந்து கிளம்பும்வரை கேட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திறந்தால் "ஒரு காக்கி கேம்பல்" என்று இருக்கிறது.

முதலில் திட்டிவிடுகிறேன். அன்று சாயங்காலமே கூண்டில் விட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! சந்தையில் அது எத்தனை ஊர் வாத்துகளோடு உரசி நின்றதோ, உங்களுக்குத் தெரியுமா? வாத்து பிளேக் என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. அது வந்து பிழைத்த வாத்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் உடம்பில் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலே மற்றவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்ததை மூன்று நான்கு வாரமாவது தள்ளி, தனித் தண்ணீரில் வைக்க வேண்டும். பழையவற்றின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வேளை தப்பிவிட்டது. கண்ணில் நீர் வடிகிறதா, பச்சையாகக் கழிகிறதா, எதுவாவது சோர்ந்து படுக்கிறதா என்று தினமும் பாருங்கள். தடுப்பூசி உண்டு, எட்டு வாரம் தாண்டிய வாத்துக்குப் போடுவார்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

பொறாமை, இனம் இரண்டையும் விட்டுவிடுங்கள். காக்கி கேம்பலே கலப்பில் வந்ததுதான். சுமார் நூற்றிருபது வருடம் முன்பு இங்கிலாந்தில் கேம்பல் என்ற அம்மையார் இண்டியன் ரன்னர், ரூவன் என்ற இரண்டு வாத்து இனங்களையும் காட்டு வாத்தையும் சேர்த்து உண்டாக்கினார். தொட்டியில் தலை முழுக முங்கினால் போதும். பெரிதாக்குவதற்குப் பதிலாக இன்னொரு தொட்டியும் தட்டும் பத்தடி தள்ளி வையுங்கள். பின்கழுத்து இறகு போனது அனேகமாக ஆண் வாத்தின் வேலை. இணைசேர மிதிக்கும்போது அங்கேதான் கவ்வும். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டை இருப்பது நல்லது. உங்களிடம் அது குறைவு. மற்ற மூன்றும் சேர்ந்தே திரிய, தனியாக நிற்பது இதுதானே, இதன்மேல் ஏறுகிறது.

சரி, ஏன் ஒன்றை மட்டும் வாங்கினீர்கள்? கூடையில் இன்னொன்று இல்லையா? நானூறு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கவா?

1999-ல் அமெரிக்காவில், இண்டியானாவில், காட்டு வாத்துகளை நான்கு நான்காக வரிசையில் வைத்து அவை தூங்குவதை ஆராய்ந்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை அதிக நேரம் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. அதுவும் கூட்டம் இல்லாத பக்கத்துக் கண்ணை. மூளையில் பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். இதைப் படித்த நாளிலிருந்து தனி வாத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. தனியாக இருக்கும் வாத்துக்கு இரண்டு பக்கமும் ஓரம். அது எந்தக் கண்ணை மூடும்? உங்களுடைய காக்கி கேம்பல் நான்கு வாத்துகளுக்கு நடுவில் இருந்துகொண்டே பன்னிரண்டு ராத்திரியாக இப்படிக் கிடக்கிறது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. சம்பா அறுப்பு முடிந்து மாசி பிறந்தால் வாத்துக்காரர்கள் வருவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் வாத்துகள் வயலில் இறங்கி, உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பொறுக்கும். ராத்திரி வயலிலேயே வலை கட்டிப் பட்டி போடுவார்கள். விடிவதற்குள் முட்டையிட்டுவிடும் என்பதால் இருட்டிலேயே விளக்கோடு பொறுக்குவார்கள். ஒரு வருடம் கால் நொண்டிய பெட்டை ஒன்றை, நடக்காது என்று அப்பாயியிடம் விட்டுப் போனார் ஒருவர். கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. கோழிகளோடு கொல்லையில் திரிந்தது. சாயங்காலம் கோழிகள் முருங்கை மரத்தில் ஏறிவிடும். இது கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். அப்புறம் கிணற்றடிக்குப் போகும். அங்கே தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் குடத்தில் தன் உருவம் தெரியும். அந்தக் குடத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்பாயி குடத்தை உள்ளே எடுத்து வைத்தால் ராத்திரி முழுக்கக் கத்தும். பிறகு அந்தக் குடத்தை எடுப்பதை அவர் விட்டுவிட்டார்.

அடுத்த மாசியில் அதே ஆள் வந்தபோது, "உன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போ" என்று அப்பாயி தூக்கிக் கொடுத்தார். நான் அழுதேன். வாத்துக்காரர் அதைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் தொப்பென்று போட்டுவிடவில்லை. கூட்டத்திலிருந்து சாதுவான இரண்டைப் பிடித்தார். மூன்றையும் பட்டிக்குள்ளேயே ஒரு பஞ்சாரத்தில் கவிழ்த்தார். மற்ற வாத்துகள் வந்து மூங்கில் இடுக்கில் அலகை விட்டுப் பார்த்தன, போயின. ஏன் இப்படி என்று கேட்டேன். "இந்த ரெண்டு கூடவும் பழகிட்டா போதும் தம்பி, மத்ததுங்க கேக்காது" என்றார். நான்காம் நாள் விடிகாலை பஞ்சாரத்தைத் தூக்கினார். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போயின. எது எங்களுடையது என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். பழைய பெட்டைகளில் எது துரத்துவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதையும் புதியதையும் பிரித்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். ஆணும் மற்ற இரண்டும் அந்தப் பக்கம் இருக்கட்டும். ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள். பார்க்கலாம், தொட முடியாது, அவ்வளவுதான். ராத்திரி எப்படிப் படுக்கின்றன என்று டார்ச்சை நேராக அடிக்காமல் பாருங்கள். இரண்டும் ஒட்டிப் படுக்க ஆரம்பித்த பிறகு, ஒரு விடிகாலையில் வலையை எடுங்கள். அன்று என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அது எந்தக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது என்பதையும் எழுதுங்கள்.