ஏப்ரலில் தீர்ப்பு எழுதாதீர்கள்

(2025 ஏப்ரலில் எழுதப்பட்ட கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயா,

அவுஸ்திரேலிய விதிக் காற்பந்தில் நமது மெல்பேர்ண் டீமன்ஸ் கழகம் 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடி ஐந்திலும் தோற்றுவிட்டது. முதல் வாரம் ஜயன்ட்ஸிடம் 3 புள்ளிகளால் தோற்றபோது மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் நோர்த் மெல்பேர்ணிடம் 59 புள்ளிகள், அதற்கடுத்த வாரம் கோல்ட் கோஸ்டிடம் 58 புள்ளிகள். பிறகு ஜீலோங், கடைசியாக அடிலெய்டில் எசென்டன். பயிற்றுநர் சைமன் குட்வினை இந்த வாரமே வெளியேற்ற வேண்டும். நமது வீரர் பெட்ராக்கா சென்ற ஆண்டே கழகத்தை விட்டுப் போக நினைத்தவர். மனம் ஒட்டாதவரை வைத்திருந்து என்ன பயன்? நடுவர்களும் நமக்கு எதிராகவே தீர்ப்பளிக்கிறார்கள். ஹோதோர்ன் சென்ற ஆண்டு ஐந்து தோல்விகளுக்குப் பிறகு மீண்டதைச் சிலர் நினைவூட்டுகிறார்கள். அது நமக்கு நடக்கப் போவதில்லை.

என் கேள்வி இதுதான். என் மகனுக்குப் பத்து வயது. பள்ளியில் கேலி தாங்காமல் கொலிங்வூட்டின் பக்கம் மாறப் போவதாகச் சொல்கிறான். தடுப்பதா, விட்டுவிடுவதா?

க., கிளேய்டன்

அன்புள்ள தம்பி க.,

உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் 1965ஆம் ஆண்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்பேர்ண் கழகம் தடுமாறத் தொடங்கி, பயிற்றுநரை நீக்க வேண்டும் என்ற குரல்கள் எழும்போதெல்லாம் அந்த ஆண்டு என் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்திலுள்ள சில விடயங்களை முடித்துவிடுகிறேன்.

நடுவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 3 புள்ளிகளால் தோற்ற ஆட்டத்தில் நடுவரைக் குறை சொல்ல ஓரளவு இடமுண்டு. 59 புள்ளிகளால் தோற்ற ஆட்டத்தில் துளியும் இல்லை. ஹோதோர்ன் 2024இல் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்ற பிறகு பதினான்கு வெற்றிகளுடன் ஏழாம் இடத்துக்கு வந்தது. இறுதிச் சுற்றில் வெஸ்டர்ன் புல்டோக்ஸை வென்று, அடுத்த வாரம் போர்ட் அடிலெய்டிடம் மூன்றே புள்ளிகளால் வெளியேறியது. அது நமக்கும் நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நடக்காது என்று ஏப்ரல் மாதத்திலேயே நீங்கள் அறிவிப்பதற்கும் ஓர் ஆதாரமும் இல்லை. இருபத்து மூன்று ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இன்னும் பதினெட்டு மீதமிருக்கின்றன.

பெட்ராக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 2024 ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் ஆட்டத்தில், எதிரணி வீரரின் முழங்கால் மோதி அவருக்கு நான்கு விலா எலும்புகள் முறிந்தன, மண்ணீரல் கிழிந்தது, நுரையீரலில் துளை விழுந்தது. அந்த நிலையிலும் அவர் மீண்டும் மைதானத்துக்குள் இறங்கினார். பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அவசர அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். உயிர் போகும் நிலையைத் தொட்டு மீண்ட ஒருவர், படுக்கையில் கிடந்த மாதங்களில் தன் எதிர்காலத்தைப் பற்றியும் தன்னைக் கழகம் நடத்திய விதத்தைப் பற்றியும் யோசித்தது குற்றமா? அவர் திரும்பி வந்து இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே களமிறங்கினார். வீட்டு நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் நீங்களும் நானும் அவருடைய மனம் ஒட்டியிருக்கிறதா என்று அளக்கும் தகுதி உடையவர்கள் அல்லர். இந்த வரியை இனி எங்கும் எழுதாதீர்கள்.

இப்போது குட்வினுக்கு வருகிறேன், அவர் வழியாக 1965க்கு.

1964 இறுதி ஆட்டத்தில் மெல்பேர்ண் கொலிங்வூட்டை நான்கு புள்ளிகளால் வென்றது. கடைசி நிமிடங்களில் பின்கள வீரரான நீல் குரொம்ப்டன் முன்னேறி வந்து அடித்த கோல்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. பயிற்றுநர் நோர்ம் ஸ்மித். இதே கழகத்தின் வீரராக நான்கு கிண்ணங்கள் வென்றவர். பயிற்றுநராக 1955, 1956, 1957, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஆறு கிண்ணங்கள் வென்றுகொடுத்தவர். அந்தப் பருவம் முடிந்ததும் அணித்தலைவர் றொன் பராசி கார்ல்டன் கழகத்துக்குப் போய்விட்டார். ஸ்மித் தன் பிள்ளைபோல வளர்த்த வீரர் அவர். அப்படி ஒருவரை இழந்த பிறகும் மெல்பேர்ண் 1965ஆம் ஆண்டின் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றது. நீங்கள் இன்று ஐந்து தோல்விகளைக் கண்டு எதிர்காலத்தைத் தீர்மானிப்பதுபோல, அன்று எட்டு வெற்றிகளைக் கண்டு இன்னொரு கிண்ணம் உறுதி என்று தீர்மானித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

பிறகு தோல்விகள் வந்தன. ஸ்மித்துக்கும் நிர்வாகக் குழுவுக்கும் இடையில் கசப்பு ஏற்கெனவே வளர்ந்திருந்தது. ஒரு நடுவர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தபோது கழகம் தன் பக்கம் நிற்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஜூலை மாதம், ஓர் ஆட்டத்துக்கு முன்பாக, நேரில் அழைத்துப் பேசக்கூட மனமில்லாமல், எழுத்து மூலம் அறிவித்து அவரைப் பதவி நீக்கினார்கள். ஊர் கொதித்தது. சில நாட்களிலேயே அவரை மீண்டும் அழைத்துப் பதவியில் அமர்த்தினார்கள். ஆனால் ஒரு கழகத்துக்குள் ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை அவ்வாறு திரும்ப அமர்த்தப்படும் பொருள் அன்று. எட்டு வெற்றிகளோடு தொடங்கிய அணி, அந்த எட்டுக்குப் பிறகு பருவம் முழுவதிலும் இரண்டே இரண்டு ஆட்டங்களை வென்று ஏழாம் இடத்தில் பருவத்தை முடித்தது. ஸ்மித் 1967உடன் கழகத்தை விட்டுப் போனார். 1987 வரை மெல்பேர்ண் இறுதிச் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அடுத்த கிண்ணம் 2021இல்தான் வந்தது. இடையில் 57 ஆண்டுகள்.

இதை நோர்ம் ஸ்மித்தின் சாபம் என்று இந்த ஊரில் பலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நடந்தது சாபமன்று, பொறுமையிழந்த சில மனிதர்கள் ஒரு வாரத்தில் எடுத்த முடிவு, அதே பொறுமையின்மையைப் பழக்கமாகக் கொண்ட பிற்காலத்தவர்களின் முடிவுகள். 2011 ஜூலையில் ஜீலோங்கிடம் 186 புள்ளிகளால் தோற்றவுடன் பயிற்றுநர் டீன் பெய்லியை நீக்கினார்கள். 2013இல் பருவத்தின் நடுவிலேயே மார்க் நீல்டை நீக்கினார்கள். ஒவ்வொரு நீக்கத்தின்போதும் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதியால் அணி ஓர் ஆட்டமாவது கூடுதலாக வென்றதா?

அப்படியானால் குட்வினைப் பற்றி என்ன சொல்வது? நீங்கள் மறந்துவிட்ட ஓர் ஆண்டை நினைவூட்டுகிறேன். 2018இல் அவருடைய அணி இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை போனது. 2019இல் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, பருவம் முழுவதும் ஐந்தே வெற்றிகள் பெற்று, பதினெட்டுக் கழகங்களில் பதினேழாம் இடத்தில் வந்தது. அன்றும் இதே குரல்கள் எழுந்தன, இதே சொற்கள்தான். கழகம் அன்று செவி சாய்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஒன்பதாம் இடம். அதற்கடுத்த ஆண்டு கிண்ணம். 2019 ஏப்ரலில் உங்கள் கடிதம் நிர்வாகத்தினரின் மேசைக்குப் போய், அவர்கள் அதன்படி நடந்திருந்தால், நாம் இன்னமும் 1964ஐயே எண்ணிக்கொண்டிருந்திருப்போம். மறுபக்கத்தையும் பாருங்கள். 2022இல் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றோம். இறுதிச் சுற்றில் சிட்னியிடமும் பிரிஸ்பேனிடமும் அடுத்தடுத்துத் தோற்று வெளியேறினோம். அந்தப் பத்து வெற்றிகளின்போது அணியின் குறைகளைச் சுட்டி எனக்கு எவரும் கடிதம் எழுதவில்லை. அப்போதுதான் எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுத் தந்தவர் என் பக்கத்து வீட்டு அம்மையார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஆறு புள்ளிகள், பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் ஒன்று என்பதையும், உதைத்த பந்தை நிலம் தொடாமல் பிடித்தால் ஆட்டத்தை நிறுத்தி நின்று உதைக்கும் உரிமை கிடைக்கும் என்பதையும் வேலிக்கு அப்பால் நின்று பொறுமையாக விளக்கியவர். இளம் பெண்ணாக 1964 இறுதி ஆட்டத்தை எம்.சி.ஜி. மைதானத்தில் நின்றுகொண்டே பார்த்தவர். ஸ்மித் நீக்கப்பட்ட செய்தியைப் பற்றிப் பேசும்போது, அது போன வாரம் நடந்ததுபோல அவருடைய குரல் நடுங்கும். 1987இல், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய தகுதி ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், நமது இளம் வீரர் ஜிம் ஸ்டைன்ஸ் எதிரணி வீரரின் குறுக்கே ஓடியதால் ஹோதோர்னின் கரி பக்கனாராவுக்குப் பதினைந்து மீற்றர் முன்னகர்ந்து உதைக்கும் வாய்ப்புக் கிடைத்து, சைரன் ஒலித்த பிறகு அடிக்கப்பட்ட கோலால் மெல்பேர்ண் தோற்றதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்த இளைஞன்மீது அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. அதே ஸ்டைன்ஸ் பின்னாளில் கழகம் கடனில் மூழ்கியிருந்தபோது தலைவராகி, புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதைக் காப்பாற்றினார். 1987இல் அவரை விரட்டியிருந்தால்?

2021 செப்டெம்பர் 25ஆம் நாள் இறுதி ஆட்டம் பேர்த்தில் நடந்தது. மெல்பேர்ண் நகரம் பெருந்தொற்று முடக்கத்தில் இருந்தது. மூன்று நாட்களுக்கு முன் நிலநடுக்கமும் வந்து போயிருந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக அனுமதியில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஊரடங்கு. 57 ஆண்டுகள் காத்திருந்த மக்களால் தங்கள் அணியின் வெற்றியை நேரில் பார்க்க முடியவில்லை. மூன்றாம் கால் பகுதியில் புல்டோக்ஸ் 19 புள்ளிகள் முன்னால் இருந்தது. அங்கிருந்து மெல்பேர்ண் எழுந்து 74 புள்ளிகளால் வென்றது. ஆட்டம் முடிந்ததும் நான் பின்வளவுக்குப் போனேன். அந்த அம்மையார் எனக்கு முன்பே வேலியோரம் வந்து நின்றார். அவர் முதலில் சொன்னது கிண்ணத்தைப் பற்றியன்று. “நோர்மின் பதக்கம் நம்முடைய பையனுக்குப் போயிருக்கிறது” என்றார். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு வழங்கப்படுவது நோர்ம் ஸ்மித் பதக்கம். ஸ்மித்தை அவமதித்த கழகத்தின் வீரர் ஒருவர் அதை அன்றுதான் முதன்முதலாகப் பெற்றார். அவர் பெயர் கிறிஸ்டியன் பெட்ராக்கா. நீங்கள் மனம் ஒட்டாதவர் என்று எழுதியது அவரைத்தான்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாறுவதென்றால் மாறட்டும், பத்து வயதுப் பிள்ளையைக் கட்டிவைத்து ஓர் அணியை நேசிக்கச் செய்ய முடியாது. ஆனால் அவன் பள்ளியில் கேட்கும் கேலியைவிட, வீட்டில் உங்கள் வாயிலிருந்து கேட்கும் பேச்சுத்தான் அவனை அதிகம் தளரச் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். பயிற்றுநரை விரட்ட வேண்டும், சிறந்த வீரரை விற்க வேண்டும் என்று தந்தையே சொல்லும் அணியோடு அவன் எதற்காக நிற்க வேண்டும்?

இந்த அணியில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. பக்கக்கோட்டை ஒட்டி நீளமாக உதைத்து அணித்தலைவர் மக்ஸ் கோனின் உயரத்தை நம்பி முன்னேறும் பழைய முறையை விட்டு, மைதானத்தின் நடுவழியாகப் பந்தை விரைவாகக் கொண்டுசெல்ல இவர்கள் முயல்கிறார்கள். நடுவழியில் பந்தைப் பறிகொடுத்தால், முன்னேறி ஓடிய தடுப்பாளர்கள் திரும்புவதற்குள் எதிரணி கோல் அடித்துவிடும். நோர்த் மெல்பேர்ணும் கோல்ட் கோஸ்டும் பெரிய இடைவெளியில் வென்றதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. முறையே தவறா, அல்லது கற்றுக்கொள்ளும் காலத்தின் தடுமாற்றமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு ஐந்து ஆட்டங்கள் போதா.

ஈஸ்டர் வார இறுதியில் எம்.சி.ஜி.யில் ஃப்ரீமான்டிலுக்கு எதிரான ஆட்டம் இருக்கிறது. மகனை அழைத்துக்கொண்டு போங்கள். தொலைக்காட்சியில் பந்து மட்டுமே தெரியும். மேல்தளத்தில் அமர்ந்தால் பதினெட்டுப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும். நமது பின்களத்தில் பந்தைப் பிடித்தவுடன் முதல் உதை கோட்டோரம் போகிறதா, நடுவே போகிறதா, நடுவே போய்ப் பறிபோகும்போது பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கால் பகுதியிலும் அவனை எண்ணச் சொல்லி, அவன் எழுதிய தாளை எனக்கு அனுப்பிவையுங்கள்.