பிக் எந்த வருடத்துடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் டேமியன் லில்லார்ட் 11 சீசன் போர்ட்லேண்டுக்காக உழைத்தார். 2023-இல் அவரை மில்வாக்கிக்குத் தள்ளிவிட்டார்கள். டாலஸ் அணி டர்க் நோவிட்ஸ்கியை 21 சீசன் வைத்துக்கொண்டதே, அதுவல்லவா அறம்? விசுவாசமான நட்சத்திரத்தை ஓர் அணி இன்னோர் அணிக்கு டிரேட் செய்யலாமா? செய்தபின் அவரைக் கௌரவிப்பதாக அவருடைய ஜெர்சியை அரங்கில் தொங்கவிட அதற்கு என்ன தகுதி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜெர்சி பெரிய விஷயமில்லை. பாஸ்டன் பால் பியர்ஸை 2013-இல் டிரேட் செய்தது, 2018-இல் அவருடைய 34-ஆம் எண்ணை மேலே ஏற்றியது. அவ்வளவுதான்.

‘தள்ளிவிட்டார்கள்’ என்கிறீர்கள். டிரேட் கேட்டதே லில்லார்ட்தான். கேட்டது மயாமி, கிடைத்தது மில்வாக்கி. ஒப்பந்தத்தில் நோ-டிரேட் உரிமை இருந்தால் தடுத்திருக்கலாம். லீகில் 8 சீசன், அதில் அந்த அணியில் 4 சீசன் ஆடியவர்தான் அதைக் கேட்க முடியும். அதுவும் புது ஒப்பந்தத்தில்தான், நீட்டிப்பில் சேர்க்க வழியில்லை. 2022-இல் அவர் கையெழுத்திட்டது நீட்டிப்பு. அறம் பேசுவதற்கு முன் இதையெல்லாம் கொஞ்சம் படித்துவிட்டு வரக் கூடாதா?

நோவிட்ஸ்கியை உதாரணம் காட்டுகிறவர்கள் 2014-ஐச் சொல்வதேயில்லை. அந்த வருடம் அவர் 3 ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டாலருக்கு இறங்கிவந்தார். அணி அவரை வைத்துக்கொண்டதில் பாதி அவர் கொடுத்த தள்ளுபடி. மாறாக, கோபி பிரயன்டுக்கு லேக்கர்ஸ் 2 ஆண்டுக்கு 4.85 கோடி டாலர் அள்ளிக் கொடுத்தது. அவருடைய கடைசி சீசனில் அணி வென்றது 17 ஆட்டம் மட்டுமே.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஒரு நட்சத்திரம் போனதும் ரசிகர்கள் ‘மூன்று முதல் சுற்று பிக் வாங்கிவிட்டோம்’ என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். பிக் என்பது வருடாந்திர டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை; மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முன்னிடம். அந்த எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. யாருடைய பிக்? எந்த வருடம்? பாதுகாப்பு உண்டா, அதாவது மிக முன்னால் விழுந்தால் கொடுத்த அணியே வைத்துக்கொள்ளும் நிபந்தனை? இந்த மூன்றும் தெரியாமல் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

உங்கள் நட்சத்திரத்தை வாங்கும் அணி உடனே பலமாகிவிடும். நீங்கள் கொடுத்த ஆளே அதைப் பலமாக்குகிறார். அடுத்த ஓரிரு வருடம் அதன் பிக் 25-க்குப் பக்கத்தில் விழும், பெஞ்சில் உட்காரும் பையன் கிடைப்பான். ஆகவே நட்சத்திரத்துக்கு வயதாகி அந்த அணி சரியும் வருடத்தைக் குறிவைக்க வேண்டும். பாஸ்டன் புரூக்ளினுக்கு அனுப்பியபோது பியர்ஸுக்கு வயது 35, கூடவே போன கெவின் கார்னெட்டுக்கு 37. புரூக்ளினிடமிருந்து பாஸ்டன் வாங்கியவை 2014, 2016, 2018 பிக்குகளும் 2017-க்கான ஸ்வாப்பும் (பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை). 2014-இல் புரூக்ளின் ஜெயித்துக்கொண்டிருந்தது, பிக் 17-இல் விழுந்தது. 2016-இல் 21 வெற்றிதான்; 3-ஆவது பிக், ஜெய்லன் பிரவுன். 2017-இல் லீகிலேயே கடைசி. ஸ்வாப்பில் முதல் பிக்கே வந்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, 3-ஆவது பிக்கும் பிற்கால முதல் சுற்று பிக் ஒன்றும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. ஒரே டிரேட், ஒரே அணியின் பிக்குகள், வருடம் மட்டும் வேறு. 2024 பட்டத்தைப் பாஸ்டன் அந்த இருவரை வைத்து வென்றது.

போர்ட்லேண்ட் கணக்கும் இதுதான். மில்வாக்கியின் 2029 பிக்கைப் பாதுகாப்பு இல்லாமல் வாங்கியது. 2028, 2030-க்கு ஸ்வாப். ஏன் மூன்று வருடமும் பிக்காகவே வாங்கவில்லை? அடுத்தடுத்த இரண்டு வருடம் முதல் சுற்று பிக் இல்லாமல் எந்த அணியும் இருக்கக் கூடாது. கிளீவ்லாந்து அணியின் முன்னாள் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி. ஸ்வாப்பில் இரு அணிக்கும் பிக் இருக்கும், நல்லதை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், விதி மீறப்படாது. ஏழு வருடத்துக்கு அப்பால் உள்ள பிக்கைத் தொட முடியாது என்பதால் 2030-தான் அன்றைய எல்லை. கடைசி வரை போய்க் கேட்டிருக்கிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ‘டாப்-4 பாதுகாப்பு’ என்றால் பிக் முதல் நாலுக்குள் விழுந்தால் கொடுத்தவரிடமே தங்கிவிடும். முன்வரிசை பிக்குகளைக் குலுக்கிப் போடுவது லாட்டரி; 2019-இல் வந்த முறைப்படி கடைசி மூன்று அணிகளுக்கு முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம். நீங்கள் காத்திருந்ததே அதற்குத்தான், அதை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள்.

விற்கக் கூடாத சமயமும் உண்டு. 2000-இல் நியூயார்க் பேட்ரிக் யூயிங்கை அனுப்பியபோது அவர் ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மிச்சம். பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சம்பளம் தானாகக் கழன்றிருக்கும். டிரேடில் இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக வேண்டுமே என்று க்ளென் ரைஸ், லுக் லாங்லி என்று பல ஆண்டு ஒப்பந்தங்களை இழுத்துப் போட்டுக்கொண்டது. கேட்டவர் யூயிங்தான், இருந்தாலும் மறுத்திருக்க வேண்டும்.

உங்கள் கோபத்தில் ஓர் இடம் நியாயமானது, எஸ். 2018-இல் டொரண்டோ டிமார் டிரோசனை அனுப்பியது. அனுப்ப மாட்டோம் என்று தன்னிடம் சொல்லியிருந்ததாக அவர் வருந்தினார். அணியின் அப்போதைய நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடமே டொரண்டோ பட்டம் வென்றது. டிரேட் சரி. முன்கூட்டியே அவரிடம் பேசாதது தவறு, பட்டம் அதைச் சரிசெய்யாது.

லில்லார்டுக்காக இனியும் அழ வேண்டாம். 2025-இல் குதிகால் தசைநார் அறுந்ததும் மில்வாக்கி அவரை விடுவித்தது. அவர் 3 ஆண்டுக்கு 4.2 கோடி டாலருக்குப் போர்ட்லேண்டுக்கே திரும்பினார். இது புது ஒப்பந்தம். நோ-டிரேட் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.