பிரஷர் மாத்திரையால் இருமல்: டாக்டரிடம் சொல்லத் தயங்கும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பிரஷருக்காக நான்கு மாதமாக எனாலாப்ரில் சாப்பிடுகிறார். இப்போது ஓயாத வறட்டு இருமல், இரவில் தூக்கமே இல்லை. மாத்திரைதான் காரணமோ என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றால், "இத்தனை வருஷமாப் பார்க்கிறவர், அவர் கொடுத்த மருந்தைக் குறை சொல்றதா?" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மாவின் சந்தேகம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் பிரஷரைக் குறைக்கும்போது, பிராடிகினின் என்ற பொருள் உடலில் சிதையாமல் சேர்ந்துவிடும். அதனால் தொண்டையில் ஓர் அரிப்பு, சளியே இல்லாத இருமல். பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. கற்பூரவல்லிக் கஷாயத்துக்கும் சிரப்புக்கும் இது அடங்காது.

டாக்டர் மனம் நோகுமே என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். வெளியே டோக்கனோடு கூட்டம் நிற்பதைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. "மாத்திரை சூடு, மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று தாங்களே முடிவுகட்டிவிடுவார்கள். எனக்கு அதிகம் வருத்தம் தருவது கூச்சம்தான். விடாமல் இருமும் பெண்கள் சிலருக்குச் சிறுநீர் கசியும்; கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதையே நிறுத்திவிடுவார்கள், காரணத்தை மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் தனியாக, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையை விட்டு விட்டுப் போடுவதுதான் இதில் ஆபத்து. பிரஷர் ஏறியிருக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொரு மாத்திரை சேர்ப்பார். விஷயம் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? "மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது மருத்துவரின் கடமை. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அம்மாவுடன் நீங்களும் போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் முதல் பேச்சாக, "இந்த மாத்திரை அம்மாவுக்கு ஒத்துக்கலை டாக்டர், இருமல் வருது, அதனால ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறாங்க" என்று சொல்லுங்கள். இதில் யாரையும் குறை சொல்வது எதுவும் இல்லை. லோசார்டான், டெல்மிசார்டான் போல இருமல் அரிதாகவே வரும் மாத்திரைக்கு அவர் மாற்றக்கூடும். பழையதை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை தேவை என்பதால், அதையும் அவர் பார்ப்பார்.

உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.