பாதயாத்திரை நாளில் கேட்டைப் பூட்டலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீடு திண்டுக்கல் – பழனி சாலையை ஒட்டி இருக்கிறது. தை பிறந்தால் பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்து போகிறவர்கள் இரவு பகலாக எங்கள் வாசலைக் கடந்துகொண்டே இருப்பார்கள். என் மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அவர்களுக்குத் தண்ணீர், மோர், விடியற்காலையில் சுக்குக் காப்பி என்று கொடுத்து வந்திருக்கிறார். பெண்கள் கேட்டால் பின்பக்கப் பாத்ரூமுக்கும் விடுவார். போன வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. நான் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மகள் இப்போது பிளஸ் டூ. அவளுக்குப் பிராக்டிகல் வரும் நேரமும் இதுதான்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சாமி, வாங்க, உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்புறம் உள்ளே திரும்பி, "அஞ்சு டம்ளர்" என்பார். மோர் கடைவது, டம்ளர் கழுவுவது, ராத்திரி பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி விடுவது எல்லாம் நான்தான். போன வருஷம் வாசலில் வைத்திருந்த பித்தளைச் செம்பு வேறு காணாமல் போனது. இந்த வருஷம் கேட்டைப் பூட்டிவிடலாமே என்றேன். "பாட்டன் காலத்து வழக்கம், உன்னால நிக்கணுமா? அந்தக் காலத்துல எவன் வந்தாலும் திண்ணையில படுக்க இடம் கொடுத்த குடும்பம் இது" என்று கோபித்துக்கொண்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் வாடிவிட்டது. நான் இரக்கம் இல்லாதவளா அக்கா?

இன்னொன்று. ராத்திரி நடக்கிறவர்கள் மேல் வண்டி மோதிவிட்டது என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். எங்கள் வாசலில் அப்படி ஆகி, நாங்கள் தூக்கிப் போனால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நிஜமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

இரக்கம் இல்லாதவர் முன்பின் தெரியாதவர்கள் போன பாத்ரூமை ராத்திரியில் உட்கார்ந்து தேய்க்க மாட்டார். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிடுவோம்.

கடிதத்தில் எனக்கு உறைத்தது அந்த "அஞ்சு டம்ளர்"தான். கூப்பிட்டவருக்குப் புண்ணியம், கழுவியவருக்கு முதுகுவலி. நம் வீடுகளில் ஊர் மெச்சும் நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடக்கிறது. "எங்க வீட்டுல யார் வந்தாலும் சாப்பிடாமப் போக மாட்டாங்க" என்று பெருமை பேசும் ஆண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போட வேண்டும் என்று கேட்டால் திரும்பி மனைவி முகத்தைப் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பாட்டன் காலத்தை இழுக்கிறார். சரி, அங்கேயே போவோம். உங்கள் சாலையே அந்தக் காலத்துக்குச் சாட்சி. திண்டுக்கல்லில் கிளம்பினால் ரெட்டியார்சத்திரம், அப்புறம் ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வழியில் இரண்டு ஊர்கள் சத்திரத்தின் பேரைத் தாங்கி நிற்கின்றன. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு ராத்தங்க இடமும் வயிற்றுக்குச் சோறும் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பேரில் ஒரு சத்திரம் இன்னும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ராமேஸ்வரம் போகும் வழி நெடுக மராட்டிய அரசர்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அதில் ஒன்று.

இந்தச் சத்திரங்களைக் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, கைவைக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்பதற்காக தஞ்சாவூர் மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் அங்கே கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நடக்க முடியாமல் படுத்துவிட்டவர்களுக்கு வைத்தியம், அவர்கள் உடம்புக்கு ஏற்ற ஆகாரம். நள்ளிரவு வரை பரிமாறிய பிறகு ஒரு மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடட்டும் என்று கூப்பிடும் மணி. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனையும் நடத்தச் சத்திரத்துக்கு மானியமாக நிலம் இருந்தது, அதில் வருமானம் வந்தது, வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள். சரபோஜி அரண்மனைக்குள் திரும்பி "அம்பது இலை" என்று குரல் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுச் சத்திரத்துக்கு நிலமும் கிடையாது, ஆளும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒருத்திதான் இருக்கிறாள்.

திண்ணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவன் வந்தாலும் படுக்க இடம் கொடுத்தோம் என்பதை அப்படியே நம்ப எனக்கு மனசு வரவில்லை. வந்தவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட பிறகுதான் பல திண்ணைகளில் ஏற முடிந்தது. தாகம் என்று நின்றவர்களில் சிலருக்குச் செம்பைக் கையில் கொடுத்தார்கள். சிலரைக் குனிந்து கையேந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். டீக்கடை இரட்டைக் குவளை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பல சத்திரங்களிலும் பந்தி சாதிக்கொன்றாகத்தான் இருந்தது. உங்கள் அத்தை யார் எவர் என்று கேட்காமல் தன் வீட்டு டம்ளரையே கொடுத்திருக்கிறார், பாத்ரூமையும் திறந்து விட்டிருக்கிறார். பாட்டன் காலத்தைவிட அது ஒரு படி மேல். காப்பாற்ற வேண்டும் என்றால் அத்தையின் வழக்கத்தைக் காப்பாற்றுங்கள்.

எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது? பழனிக்கு நடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மோருக்கும் அன்னதானத்துக்கும் இன்றைக்கு அந்தச் சாலையில் பஞ்சமே இல்லை. அடிக்கொரு பந்தல், புளியோதரை, பொங்கல், பிஸ்கட் பாக்கெட் வரைக்கும் கையில் திணிக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபம் வேறு வருகிறது. பந்தல்களைத் தாண்டி நூறு அடிக்கு ரோட்டோரம் முழுக்கக் கப்புகள் சிதறிக் கிடக்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் சேர்த்துத்தான் 2019 ஜனவரி முதல் தடை, பக்தர்கள் காலடியில் அந்தத் தடை நசுங்கிக் கிடக்கிறது.

பந்தலில் கிடைக்காதது பாத்ரூம். ஆண்கள் எங்காவது மரத்தடியில் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்கு வழியில் மாதவிலக்கு வந்துவிட்டது. வெளியே சொல்லவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல், துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஓர் ஓட்டு வீட்டு வாசலில் அட்டைப் பெட்டியைக் கிழித்து, கரியால் எழுதிக் கட்டியிருந்தார்கள்: "பொம்பளைங்களுக்கு மட்டும் பாத்ரூம் உண்டு. பின்பக்கம் வரவும்." போனோம். கதவுக்குப் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், ஆணியில் மாட்டிய பையில் நாப்கின், பழைய செய்தித்தாள், கீழே குப்பைக்கு ஒரு வாளி. அந்த வீட்டுப் பாட்டி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அந்தப் பெண் பழனி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதனால் நான் சொல்வது இது. மோரையும் சுக்குக் காப்பியையும் விட்டுவிடுங்கள். பாத்ரூமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகலில், பெண்களுக்கு மட்டும். கழுவுவது உங்கள் வீட்டுக்காரர். இதில் பேரமே வேண்டாம். வாசலில் "சாமி, வாங்க" என்று கூப்பிடும் அதே வாய், "நான் கழுவி வச்சிடறேன்" என்று சொல்லிப் பழக வேண்டும். தைப்பூசத்தன்று அரசு விடுமுறைதானே, அன்று பார்த்துக்கொள்கிறேன் என்று நழுவினால் விடாதீர்கள். 2021 முதல் விடுமுறைதான், ஆனால் அன்றைக்குக் கூட்டம் பழனியில் இருக்கும். உங்கள் வாசலில் நெரிசல் அதற்கு முந்தைய நாட்களில். லீவு எடுப்பதானால் அப்போது எடுக்கட்டும். முடியாது என்றால் அந்த வருஷம் கேட் பூட்டியே இருக்கட்டும், குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

தண்ணீர் கொடுக்க யாரும் நிற்க வேண்டியதில்லை. கிராமத்துப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நிறுத்தி வைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கிவிடவோ தூக்கிவிடவோ ஆள் இல்லாமல், தானே இறக்கி வைத்துத் தானே ஏற்றிக்கொள்கிற உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் குடும்பம் நட்டு வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, யாரோ ஒரு வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்று. அந்தக் குடும்பம் அங்கே நின்று யாரையும் உபசரிக்கவில்லை. கல் நின்றது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று செய்யலாம். மேல்தொட்டியிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு பைப் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை. தொட்டித் தண்ணீர் குடிக்கும் தண்ணீர் இல்லையென்றால், பைப் கால் கழுவ. குடிக்க மூடி போட்டு, குழாய் வைத்த ஒரு டிரம். நடக்கிறவர்கள் பெரும்பாலும் பாட்டில் வைத்திருப்பார்கள், அவர்களே பிடித்துக்கொள்வார்கள். டம்ளர் கழுவும் வேலையே இல்லை. உட்கார ஒரு கல் பலகை. வாசல் விளக்கை ராத்திரி முழுக்க எரிய விடுங்கள், இருட்டில் நடக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். விளக்கு, பைப், பலகை மூன்றும் இருந்தால் நீங்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், மகளும் படிப்பாள்.

அத்தையின் முகம் வாடியது என்றீர்களே, அதுதான் எனக்கும் சங்கடமாக இருந்தது. பகலில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரைக் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊர், எப்போது கிளம்பினீர்கள், கால் கொப்புளத்துக்கு என்ன போட்டீர்கள் என்று விசாரிக்க அவரைவிட ஆள் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவருக்கு மோர் ஊற்றியதைவிட இந்தப் பேச்சுதான் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். அவர் உட்கார்ந்திருந்தால் இன்னொரு செம்பும் காணாமல் போகாது. போனால்தான் என்ன, பித்தளையை உள்ளே வைத்துவிட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஜக்கை வையுங்கள்.

விபத்து பற்றிக் கேட்டீர்கள். அக்கம்பக்கத்தில் சொல்வது பழைய பயம். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை 2016இல் உச்ச நீதிமன்றமே கட்டாயமாக்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தில் 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று போலீசோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தவும் முடியாது. சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லலாம், அது உங்கள் இஷ்டம். பணத்தை யார் கட்டுவது என்றும் திகைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சேர்க்கப்பட்டிருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசே செலவு செய்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. முதலில் 108க்குப் போன் போடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் நீங்களாகத் தூக்காதீர்கள், இன்னொரு வண்டி வந்து மோதாமல் டார்ச் அடித்து நிறுத்துங்கள்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுவதானால் சரபோஜி பகுதியை முதலில் காட்டுங்கள். பாத்ரூம் பகுதியை அவர் சாப்பிட்டு முடித்த அப்புறம்.

அன்புடன்,
அக்கா