இடுப்பு மூட்டுல கவுட்டா? டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, அப்பாவுக்கு 61 வயசு. ரொம்ப வருஷமா கவுட் (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வலி) இருக்கு, முதல்ல கால் பெருவிரல், அப்புறம் கணுக்கால், முட்டி. இப்ப ரெண்டு மாசமா இடது இடுப்புல வலி, நொண்டி நொண்டித்தான் நடக்கிறாரு. கவுட் இடுப்புக்கு ஏறிடுச்சுன்னு சொல்லி மருந்துக்கடைக்காரர் நாலஞ்சு மாத்திரைய ஒரே கவர்ல போட்டுத் தர்றாரு, அதப் போட்டா ரெண்டு நாள் ஜோரா இருக்காரு, அப்புறம் பழையபடி. யூரிக் ஆசிட் 9.2. பங்குனியில தீமிதிக்கணும்னு வேற பிடிவாதம். என்ன செய்யட்டும்?
(மியான்மர், பெகுவிலிருந்து ஒரு மகள்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கவர் மாத்திரைய பத்திப் பேசுவோம், எனக்கு அதுதான் பெரிய கவலை. இந்த மாதிரி கலவையில அடிக்கடி ஸ்டீராய்டு இருக்கும், அதனாலதான் ரெண்டே நாள்ல வலி பறந்து போகுது. ஆனா ஸ்டீராய்ட மாசக்கணக்குல போட்டா தொடை எலும்போட தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பே செத்துப்போகலாம், அந்த வலியும் இடுப்புலதான் வரும், சாராயம் அதிகமா குடிக்கிறவங்களுக்கும் இது வரும். அப்பாவுக்கு இப்ப இருக்கிற வலி கவுட்டாலயா இல்ல அந்த மாத்திரையாலயான்னு பார்த்தே ஆகணும். அதுக்காக இன்னிக்கே சட்டுனு நிறுத்திடாதீங்க, ரொம்ப நாள் போட்ட ஸ்டீராய்ட திடீர்னு விட்டா உடம்பு தாங்காது. மிச்சம் இருக்கிற கவரோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

இடுப்பு மூட்டுல கவுட் வரும், ஆனா அபூர்வம். கால் விரல் குளிர்ச்சியான இடம், யூரிக் ஆசிட் அங்க சுலபமா ஊசி ஊசியா படிஞ்சிடும், இடுப்பு மூட்டு உள்ளுக்குள்ள சூடா இருக்கிறதால அங்க படியறது கம்மி. 9.2 இருக்குன்னு மட்டும் வச்சு இடுப்பு வலியும் கவுட்தான்னு முடிவு கட்ட முடியாது. வலி எங்கன்னு அப்பாவ விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க. மூட்டுக்குள்ள கோளாறுன்னா பெரும்பாலும் முன்பக்கம் தொடை இடுக்குல வலிக்கும், சில பேருக்கு முட்டி வரைக்கும் இறங்கும். பிட்டத்துல, முதுகுக்குக் கீழ வலின்னா காரணம் முதுகெலும்பா இருக்கலாம். நம்ம நாட்டுல டிபி நிறைய, அது இடுப்பு மூட்டையும் பிடிக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க. முதல்ல எக்ஸ்ரே, தேவைன்னா ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி போட்டு மூட்டு நீர எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க, ஊசி மாதிரி இருக்கிற அந்த யூரிக் ஆசிட் படிகம் தெரிஞ்சா கவுட்டுன்னு உறுதி. காய்ச்சலோட வலி வந்து கால ஊனவே முடியலன்னா காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கவுட்டுன்னு உறுதியானா, வலி மாத்திரை வேற, யூரிக் ஆசிட் குறைக்கிற மாத்திரை வேற, இத அப்பாவுக்கு நல்லா சொல்லிப் புரிய வைங்க. அலோபியூரினால் தினமும், வலி இல்லாத நாள்லயும் போடணும். 100 மில்லிகிராமோ அதுக்கும் கம்மியோ தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்து மெல்ல மெல்ல ஏத்தி, யூரிக் ஆசிட் 6க்குக் கீழ வர வைப்பாங்க. முதல் சில மாசம் வலி திரும்பத் திரும்ப வரலாம், பழைய படிகம் கரையறப்ப அப்படித்தான், அதுக்குத் துணையா சின்ன அளவு கொல்சிசின் தருவாங்க, அப்ப பயந்துபோய் மாத்திரைய விட்டுடக்கூடாது. ஆனா தோல்ல தடிப்பு வந்தா அலோபியூரினால உடனே நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க, சீன வம்சாவளி கலந்த குடும்பம்னா இந்த ஆபத்து கூடுதல், முன்கூட்டியே சொல்லிடுங்க. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை போடுறாரான்னும் சொல்லுங்க, அதுவும் யூரிக் ஆசிட்ட ஏத்தும். கிட்னியப் பார்க்காம டைக்ளோஃபினாக்ங்கிற வலி மாத்திரை வேண்டாம்.

ஊன்றுகோல வலது கையில பிடிக்கச் சொல்லுங்க, இடது இடுப்புக்குப் பாரம் குறையும்.

தீமிதி இந்த வருஷம் வேண்டவே வேண்டாம் தங்கச்சி, நொண்டுற கால் நெருப்புல தடுமாறினா என்ன ஆகும்? விரதத்துல கறி, மீன், பீர் இல்லங்கிறது நல்லதுதான், ஆனா பட்டினி கிடந்து தண்ணியும் குடிக்காம இருந்தா கவுட் கிளம்பிடும். ஒருவேளையாவது சாப்பிட்டு, நிறைய தண்ணி குடிச்சு, கோயில்ல உட்கார்ந்து கும்பிடட்டும், அம்மன் ஏத்துக்குவா.

கேள்வி: கவுட்டுக்குப் பருப்பு ஆகாதுன்னு டீக்கடையில 'நான்' ரொட்டியோட தர்ற அவிச்ச பட்டாணியக்கூட நிறுத்திட்டேன், சரியா?
(தாட்டன் வாசகர்)

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. பருப்பு, பட்டாணி, கீரையால கவுட் கூடுறதா தெரியல. ஈரல், குடல், ஆட்டுக்கறி, நெத்திலி, கருவாடு, பீர், இனிப்பு கூல்டிரிங்ஸ், இதுகளத்தான் குறைக்கணும்.