பிடித்த ரொக் இசைக்குழுவுக்காக நீங்கள் படம் வரைந்ததுண்டா? அந்த அனுபவம் எப்படி?

ஓம், கீறியிருக்கிறேன். எங்கள் மட்டக்களப்பில் சித்திர பாடத்தில்தான் படம் 'வரைவோம்', வீட்டில் கீறுவதுதான். குழு, குயின். 1970-இல் லண்டனில் தொடங்கிய குழு. ஒழுங்காக முடித்தவை மொத்தம் மூன்றே மூன்று. முதலாவதை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

எனக்குக் குயினைக் காட்டித் தந்தது கூட்டாளியின் மாமா. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், தச்சு வேலை செய்பவர், கலியாண வீடுகளில் பைலா ஆட்டப் பாட்டுக்குக் கிட்டார் அடிப்பார். அவரிடம் ஒரு கசெட் இருந்தது. பாட்டை விட அவருக்குப் பெரிய விசயம் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மேயின் சிவப்புக் கிட்டார். அது கடையில் வாங்கியதல்ல. பிரையன் மே பதின்ம வயதில், 1963-இல், தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. அதன் கழுத்து, குளிர்காயும் அடுப்புக்கு மேலே கிடந்த பழைய மரக்கட்டை. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், தாயின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். மாமா இதைச் சொல்லும்போது உளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார். அந்த வீட்டில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

2018-இல் அவர்களைப் பற்றிய சினிமாப் படம் வந்தது. ஊரில் எல்லாப் பொடியன்மாரும் திடீரெனக் குயின் ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். நான்தான் பழைய ஆள் என்று காட்ட வேண்டாமா? 1985 லண்டன் வெம்பிளி மேடையில் வெள்ளைப் பெனியனோடு நிற்கும் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரியின் போட்டோ ஒன்றை எடுத்து, போர்ட் எழுதுபவர்கள் செய்வதுபோல் கட்டம் போட்டு, பென்சிலால் பெரிதாகக் கீறினேன். முகம் மட்டும். மீசையின் ஒவ்வொரு மயிரும் சரி. ஒரு கிழமை எடுத்தது. அதைப் போனில் படம் பிடித்து, கீழே 05.09.1946 – 24.11.1991 என்று அவர் பிறந்த, இறந்த திகதிகளைப் போட்டு, 3 அடிக்கு 2 அடி பெனர் அடிக்கக் கொடுத்தேன்.

அடுத்த நாள் வாங்கி விரித்துப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவர்த்தி. சுற்றிவர ரோசாப்பூ. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. திகதிகளுக்கு முன்னால் 'தோற்றம்', 'மறைவு'. பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பேர் கேக்க எடுத்தனான் அண்ணன், உங்கட போன் வேல செய்யல்ல," என்றான் அங்கு வேலை செய்யும் தம்பி. "வயசு 45தானே, பாவம்" என்றும் சொன்னான். கணக்குச் சரி, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தா. "ஆரு மனே செத்தது?"

கொஞ்ச நாள் அந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் விளங்கியது, பிழை அவனிலே இல்லை. அஞ்சலிப் படம் மாதிரிக் கீறிக் கொடுத்தால் அஞ்சலிப் பெனராகத்தான் அடிப்பார்கள். நேரே பார்க்கும் முகம், அசைவே இல்லை, கழுத்தோடு வெட்டு. மேடையை ஓடி ஓடி அளந்த மனிதரை நான் அடையாள அட்டைக்கு உட்கார வைத்திருந்தேன். இணையத்தில் பார்க்கும் ரசிகர் படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான். கைத்திறமை இருக்கும், பாட்டு இருக்காது. இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, சரி.

அதற்குப் பிறகு கீறுவதை விட்டுவிட்டு அவர்கள் படங்களை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் எனக்கு ஆச்சரியம். பிரெடியே முதலில் ஒரு ரசிக ஓவியர். லண்டன் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தவர். அந்தக் காலத்தில் கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தவர். குழுவின் இலச்சினையைக் கீறியதும் அவரேதான். நடுவில் பெரிய 'கியூ' எழுத்து, அதற்குள் ஒரு கிரீடம். எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சிங்கம், குழுவின் மற்ற இருவர் ரோஜர் டெய்லரும் ஜோன் டீக்கனும் சிம்ம ராசி என்பதால். உச்சியில் நண்டு, பிரையன் மே கடகம். கீழே இரண்டு தேவதைப் பெண்கள், பிரெடி கன்னி. எல்லாவற்றுக்கும் மேலே செட்டையை விரித்த பீனிக்ஸ் பறவை. (வெள்ளைக்காரரின் கணக்கு இது, பிறந்த திகதியை வைத்துப் பார்ப்பது. எங்கள் சாத்திரியாரிடம் கேட்டால் ராசி மாறலாம்.)

1977-இல் வந்த அவர்களின் இசைத்தட்டு ஒன்றின் அட்டையில் ஒரு பெரிய ரோபோ இருக்கும், கையில் அடிபட்ட மனிதர்களை ஏந்திக்கொண்டு, தான் செய்ததை விளங்காத முகத்தோடு. அது பிராங்க் கெல்லி பிரீஸ் என்ற ஓவியர் 1953-இல் ஓர் அறிவியல் புனைகதைச் சஞ்சிகைக்குப் போட்ட அட்டை. ரோஜர் டெய்லரிடம் அந்தச் சஞ்சிகை இருந்திருக்கிறது. குழுவினர் அந்த ஓவியரையே தேடிப் பிடித்து, முதல் படத்தில் கிடந்த ஆளை எடுத்துவிட்டுத் தங்களைப் போட்டுத் திரும்பக் கீறித் தரச் சொன்னார்கள். அதாவது அவர்களும் எங்களை மாதிரித்தான். பிடித்த படத்துக்குள்ளே தாங்களும் போய்க் கிடக்க ஆசைப்பட்டவர்கள்.

இரண்டாவது படம் 2022-இல். நாட்டில் பேப்பர் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. படம் கீறும் தடித்த தாள், பிறிஸ்டல் போர்ட், அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, போதும். அந்த இலச்சினையை எங்கள் ஊர்ப் பிராணிகளை வைத்துக் கீறுவது என்று யோசனை. சிங்கத்துக்குக் கோயில் வாகனத்துச் சிங்கம், கண் பிதுங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு. தேவதைப் பெண்களுக்குப் பதிலாகக் கல்லடி வாவியின் பாடும் மீன், பாதி பெண் பாதி மீன், ஊரில் போர்டுகளில் எல்லாம் இருப்பதுதான். நண்டு மட்டும் சரிவரவில்லை. நான் கீறிய நண்டு கடைச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருந்தது.

அன்று அம்மா சந்தையில் நண்டு வாங்கி வந்திருந்தா. களப்பு நண்டு, நல்ல கறுப்புப் பச்சை, கொடுக்கு இரண்டையும் கயிற்றால் கட்டியிருந்தது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ஓட்டின் விளிம்பு வாள்பல் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், அவ்வளவு நண்டு தின்றிருந்தும். கடைசிச் சோடிக் கால் கூராக முடியாது, துடுப்பு மாதிரித் தட்டை, நீந்துவதற்கு. கண் இரண்டும் காம்பில் நின்று என்னையே பார்க்கிறது. வாயில் நுரை. ஒவ்வொரு தடவையும் நான் குனியும்போது கயிற்றுக்குள்ளே கொடுக்கை ஒரு இறுக்கு இறுக்கும்.

"கெதியாக் கீறி முடி மனே, கறி வைக்கணும்."

"இன்னும் ரெண்டு கால் இருக்கம்மா."

"கால் சட்டிக்குள்ளயும் இருக்கும், மறுகா வந்து பார்."

கயிற்றை அவிழ்க்கப் பயம். அதனால் கயிற்றோடே கீறினேன். என் இலச்சினையில் 'கியூ' எழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நண்டுக்குக் கொடுக்கு கட்டியிருக்கிறது. கூட்டாளியின் மாமா பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "இதுதான்டா மட்டக்களப்புக் குயின்," என்றார். பென்சில் மீசைப் படத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாவதற்குக் காரணம் சுவிஸில் இருக்கும் சித்தப்பா. மொன்த்ரோ என்ற ஊரில், ஜெனீவா ஏரிக்கரையில், பிரெடிக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. செக் நாட்டில் பிறந்த சிற்பி இரேனா செட்லெட்ஸ்கா செய்தது, 1996 நவம்பரில் திறந்தார்கள். சித்தப்பாவுக்குப் பாட்டில் ஈடுபாடில்லை, எனக்காகப் போய்ப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஆனால் பின்பக்கத்திலிருந்து! "ஏரியும் தெரியட்டும் எண்டுதான்" என்றார். முதலில் எரிச்சல். பிறகு பார்க்கப் பார்க்க, முகமே தெரியாமல் அது பிரெடிதான் என்று ஒரு கணத்தில் தெரிகிறது. வலது கை முட்டி மேலே, இடது கையில் அடிக்கட்டை இல்லாத அரை மைக் கம்பு, அகட்டி வைத்த கால். நான் ஒரு கிழமை மீசையோடு மல்லுக்கட்டியது எதற்கு?

சரி, நானும் பின்பக்கம் கீறுவோம். 1986 சுற்றுப்பயணத்தில் நிகழ்ச்சி முடியும்போது அவர் சிவப்பு மேலங்கியும் தலையில் கிரீடமுமாக வருவார். அந்தக் கோலத்தில், கல்லடிப் பழைய பாலத்தை, 1924-இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தைப் பார்த்தபடி வாவிக்கரையில் நிற்கிறார். நான் திண்ணையில் இருந்து கீறிக்கொண்டிருக்க, அடுத்த வளவு அண்ணாவியார் வந்து எட்டிப் பார்த்தார். வடமோடிக் கூத்துப் பழக்கியவர், இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"ஆரு மனே இது, ராசா வேசமா?"

"பாட்டுக்காரன் அண்ணாவியார். இங்கிலாந்து."

"ஆராயிருந்தா என்ன. முடி தலையில குந்தல்ல. கடதாசித் தொப்பி மாதிரிக் கிடக்கு."

முடி என்றால் கிரீடம். நான் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைச் சட்டை செய்யவேயில்லை. எங்கள் ஓலைக் கடகப் பெட்டியை எடுத்தார், இரண்டு தேங்காயை அதற்குள் போட்டார், என் தலையில் ஏற்றினார். "நட."

நடந்தேன். மூன்றாவது எட்டிலேயே தெரிந்துவிட்டது. பாரம் ஏறினால் தாடை உள்ளே போகிறது, கழுத்தின் பின்பக்கம் நீளுகிறது, தோள் எலும்பு இரண்டும் கிட்டவருகின்றன. இடுப்பு ஆடக்கூடாது, ஆடினால் தேங்காய் காலில் விழும். "இப்ப கையத் தூக்கு" என்றார். தூக்கினால் மறுபக்கக் குதி மண்ணுக்குள் அழுந்துகிறது. தங்கச்சியைக் கூப்பிட்டு அந்த நிலையிலேயே என் முதுகைப் போனில் எடுக்கச் சொன்னேன். படத்தில் இருக்கும் முதுகு என்னுடையதுதான், மேலங்கி மட்டும் பிரெடியுடையது. உண்மையில் அவருடைய கிரீடம் அவ்வளவு பாரமா என்பது வேறு கதை. பாட்டு முடிந்ததும் அவர் அதைக் கழற்றி உயர்த்திக் காட்டுவாரே, அந்தக் கைக்கு அது பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இதைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது, டீ-சேர்ட்டில் அடித்து விற்கலாமா என்று. இலச்சினையும் பெயரும் அவர்களுடைய சொத்து. நானும் கூட்டாளியும் ஆளுக்கொன்று அடித்துப் போட்டுக்கொண்டோம், விற்கவில்லை. விற்க யோசிப்பவர்கள் முதலில் அனுமதியைப் பற்றி விசாரியுங்கள்.

கூத்து ராசா மாதிரி நிற்கும் பிரெடி இப்போது அண்ணாவியார் வீட்டுச் சுவரில், அவருடைய பழைய கூத்துப் படங்களுக்குப் பக்கத்தில். கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டிய நண்டு மாமாவின் தச்சுப் பட்டறையில். கண்ணீர் அஞ்சலிப் பெனரை எறிய அம்மா விடவில்லை, நல்ல தடிப்பு, மழைக்குத் தாங்கும் என்றா. மாரி தொடங்கினால் விறகுக் குவியலுக்கு மேலே அதைத்தான் இழுத்து மூடுவது. போன கிழமை காற்றில் ஒரு மூலை கழன்று, மெழுகுவர்த்திக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு கோழி அடை கிடந்தது.