வெளிநாட்டிலிருந்து வழிகாட்டி நாய் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வெளிநாட்டில் வழிகாட்டி நாய்களைக் கிட்டத்தட்ட இலவசமாகவே தருகிறார்களாமே, எழுதிக் கேட்டால் அனுப்புவார்களா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அனுப்பமாட்டார்கள். தடை பணம் அல்ல. அமெரிக்காவில் 1929-இல் தொடங்கிய 'தி சீயிங் ஐ' பள்ளி முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்த நாய்க்கு 50 டாலர்தான் வாங்குகிறது. ஆனால் அமெரிக்கா, கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். மற்ற பள்ளிகளும் பெரும்பாலும் தங்கள் ஆட்கள் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்துக்குள்தான் நாய் கொடுக்கும்.

நாயைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஆளின் நடைவேகத்துக்கு ஏற்ற நாயாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். இருவரையும் 2 முதல் 4 வாரம் ஒன்றாகப் பழக்க வேண்டும். பிறகு அவர் வீட்டுத் தெருவிலேயே நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். நாய் 8, 10 வயதில் ஓய்வு பெறும்வரை இந்தக் கண்காணிப்பு நிற்காது. சாலை ஓரத்தில் நிற்காமல் இறங்கிவிடுவது, கீழே கிடப்பதைத் தின்பது போன்ற பிழைகளைப் பயிற்றுநர் சீக்கிரம் வந்து திருத்தாவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும். கடல் கடந்து பாலக்கோட்டுக்கு யார் வந்து திருத்துவது?

இன்னொன்று: வழி தெரிந்திருக்க வேண்டியது மனிதருக்கு. 'பஸ் ஸ்டாண்டுக்குப் போ' என்றால் நாய்க்குப் புரியாது. சிக்னல் விளக்கைப் பார்த்தும் அது சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு 'போ' என்பது மனிதர். அப்போது வண்டி குறுக்கே வந்தால், சொல்லை மீறி நிற்பது நாய். அதனால் வெண்கோலோடு தனியாக நடக்கத் தெரிந்தவரையே பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். தம்பிக்கு முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள், நடைப்பயிற்சி பற்றியும் அங்கேயே கேளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது நெஞ்செலும்பின் அடிப்பகுதி வரையாவது எட்டும் கோல் வேண்டும். இடுப்பு உயரக் கைத்தடி பயன்படாது.

கேள்வி: நாயையே அனுப்பமாட்டார்கள் என்றால் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளின் 'சர்வதேச ஒத்துழைப்பு' என்பது வெறும் மாநாடுதானா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மாநாடும் உண்டு. ஆனால் 1989-இல் அமைந்த சர்வதேச வழிகாட்டி நாய் கூட்டமைப்பின் முக்கிய வேலை தரம் பார்ப்பது. உறுப்புப் பள்ளிகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர் நேரில் சோதிப்பார். நாய்க்கொட்டில், மருத்துவப் பதிவேடு, பயிற்றுநரின் தகுதி, நாய் பெற்றவருக்குக் கிடைக்கும் தொடர் உதவி எல்லாம் அதில் அடங்கும்.

உண்மையான கொடுக்கல் வாங்கல் நடப்பது இனப்பெருக்கத்தில்தான். ஒரு பள்ளியிடம் இருபது, முப்பது தாய் நாய்கள்தான் இருக்கின்றன என்று வையுங்கள். சில தலைமுறையிலேயே எல்லாம் ஒன்றுக்கொன்று ரத்த சொந்தமாகிவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு தலைகாட்டும். லாப்ரடாரில் விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் இரண்டு நாய்கள் அந்த மரபணுவை ஒவ்வொரு பிரதி சுமந்திருந்தால், குட்டிகளில் நாலில் ஒன்றுக்கு நோய் வர வாய்ப்பு. வழிகாட்ட வளர்த்த நாய்க்கே கண் போவதைவிடக் கொடுமை வேண்டுமா? அதனால் மரபணுச் சோதனை, இடுப்பு எக்ஸ்ரே முடிவுகளை நாடுகளுக்கிடையே பொதுப் பதிவேட்டில் பகிர்கிறார்கள். குட்டிகளையும் உறைவிந்தையும் (உறையவைத்த விந்து) மாற்றிக்கொள்கிறார்கள்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அதே திரவ நைட்ரஜன், அதே மைனஸ் 196 டிகிரி. ஆனால் நாயில் இரண்டு சிக்கல். பெண் நாயின் கருப்பை வாயைக் கடப்பது கடினம், உள்ளே பார்க்க உதவும் எண்டோஸ்கோப் குழாய் வேண்டும். மேலும், உறைவிந்து உருகியபின் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. நாயின் கருமுட்டையோ வெளிவந்தபிறகு முதிர இரண்டு நாள் எடுக்கும். ஆகவே ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 5 நானோகிராம் வந்தால் கருமுட்டை வெளிவந்த நாள் அது. அங்கிருந்து இரண்டு, மூன்று நாள் கழித்துச் செலுத்த வேண்டும். பருவத்துக்கு வந்த நாயின் ரத்தக் கசிவைப் பார்த்து நாள் எண்ணிப் போட்டால் பெரும்பாலும் வீண்தான்.

கேள்வி: நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைப் பழக்கக் கூடாதா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ராஜபாளையம் அந்நியரை நம்பாது. வழிகாட்டி நாயோ நாள் முழுக்க அந்நியர் நடுவே இருக்க வேண்டும். சிப்பிப்பாறை முயலைக் கண்டால் பாயும், பிடியைப் பற்றியிருப்பவரும் கூடவே விழுவார். இதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த லாப்ரடார்களிலேயே கணிசமானவை பயிற்சியில் கழிக்கப்படுகின்றன.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் அக்கா தன் வழிகாட்டி நாயோடு மே மாதம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்க வருகிறார். என்ன ஏற்பாடு வேண்டும்?
– வாசகி, ஓசூர்

பதில்: வருவதைவிடத் திரும்பிப் போவதுதான் தொல்லை. வெறிநோய் விஷயத்தில் ரத்தப் பரிசோதனை இல்லாமலே நாயை அனுமதிக்கும் நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் இந்தியா இல்லை. தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் முன்பே இதைச் செய்து நாயின் பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டால் தலைவலி இல்லை. இங்கே வந்து ரத்தம் எடுத்தால் அன்றிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு வந்தவர் மாட்டிக்கொள்வார். இந்தியாவுக்குள் நுழைய மைக்ரோசிப், தடுப்பூசிப் பதிவு, அரசு கால்நடை மருத்துவர் சான்று, விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே பெற வேண்டும். கூட்டமைப்பில் சேர்ந்த பள்ளியின் அடையாள அட்டை இருந்தால் விமான நிறுவனத்திடம் பேசுவது எளிது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: உண்ணிக்கான மருந்தைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிடட்டும். ஈறு வெளுத்து, காய்ச்சலடித்துப் படுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாய் நடக்கக் கூடாது. தெருநாய் உள்ள சந்தில் பார்வையுள்ள ஒருவர் முன்னால் போகட்டும். ஹார்னஸ் (பிடி வைத்த உடல்பட்டை) போட்டிருக்கும்போது யாரும் கூப்பிடவோ தடவவோ கூடாது. விருந்தில் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காதீர்கள். அதிலுள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் ஆகாது.